விமானப் பயிற்சியில் பாதியில் நிற்பவர்கள்: மாணவரின் கணக்கும் பயிற்றுநரின் கணக்கும்

விமானம் ஓட்டக் கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் உரிமம் கைக்கு வருமுன்பே நின்றுவிடுகிறார்கள். அமெரிக்காவின் விமான உரிமையாளர்கள் மற்றும் விமானிகள் சங்கம் (ஏ.ஓ.பி.ஏ.) 2010-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. தொடங்குகிறவர்களில் 70 முதல் 80 விழுக்காட்டினர் முடிப்பதில்லை என்பதுதான் அப்போது துறையில் புழங்கிய மதிப்பீடு. பத்து வாடிக்கையாளரில் ஏழெட்டுப் பேர் பாதியில் எழுந்து போனால் வேறு எந்தத் தொழில்காரரும் கடையைச் சாத்திவிட்டு யோசிப்பார். விமானப் பயிற்சித் துறையோ, ‘செலவு பிடிக்கிற காரியம், எல்லோராலும் முடியாது’ என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவரைத் தேடப் போய்விடுகிறது.

செலவு காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பணமே இல்லாதவர் முதல் வகுப்புக்கே வருவதில்லை. வந்து, இருபது முப்பது மணி நேரம் பறந்து, அதன்பிறகு நிற்கிறவர் பணத்தைக் காரணம் காட்டினால் அது பல நேரம் நாகரிகம் கருதித்தான். ‘உங்கள் பாடம் எங்கே போகிறதென்றே எனக்குப் புரியவில்லை’ என்று பயிற்றுநரின் முகத்துக்கு நேரே யார் சொல்வார்கள்? அந்த ஆய்வு, நல்ல பயிற்சி அனுபவத்துக்கு அடிப்படையானவை என்று நான்கைத் தொகுத்துக் கூறியது: கற்பித்தலின் தரம், மாணவரை வாடிக்கையாளராக மதிப்பது, பறப்பவர்களோடு ஏற்படும் ஒட்டுறவு, தகவல்களை ஒளிக்காமல் பகிர்வது. இவற்றில் மூன்றாவதை விட்டுவிட்டால் மற்றவை பெரும்பாலும் வலது பக்க இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநரின் கையில்தான் இருக்கின்றன.

மாணவர் எந்த இடத்தில் கழன்றுகொள்கிறார் என்று பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். கடினமான இடத்தைவிட, தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரியாத இடத்தில்தான் அவர் நிற்கிறார். இந்தத் தெளிவின்மை முதல் நாளே, கட்டணம் பேசும்போதே ஆரம்பித்துவிடுகிறது.

40 என்ற எண்

தனியார் விமானி உரிமத்துக்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்சம் 40 மணி நேரப் பறப்பு. அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டத்தில் சேர்ந்து படித்தால் 35. அமெரிக்காவிலும் அதே 40 தான்; அதில் பயிற்றுநருடன் 20, தனியாக 10 இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் 45. இவை சட்டம் கேட்கும் கீழ் எல்லை மட்டுமே. அமெரிக்காவில் சராசரி மாணவர் தேர்வுக்குத் தயாராக 60 முதல் 75 மணி நேரம் ஆகிறது என்பது துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

ஆனால் விளம்பரப் பலகையில் இருப்பது 40 மணி நேரத்துக்கான தொகை. பக்கத்துப் பள்ளி 40 என்று போட்டிருக்கும்போது நாம் 65 என்று போட்டால் ஆள் வருவாரா என்ற பயம் நியாயமானதாகவே தெரியும். விளைவு 40-ஆவது மணி நேரத்தில் தெரியும். மாணவர் தேர்வுக்கு அருகில்கூட வந்திருக்கமாட்டார். கையில் இருந்த தொகை தீர்ந்திருக்கும். ஒன்று, தனக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டுவார். அல்லது, ஏமாற்றப்பட்டோம் என்று முடிவு கட்டுவார். இரண்டுமே தவறு. ஆனால் இரண்டில் எதை நினைத்தாலும் அடுத்த வாரம் அவர் வரமாட்டார். உண்மையான தொகையை முதலிலேயே சொல்லி, அதை ஏன் சொல்கிறோம் என்றும் விளக்குகிற பயிற்றுநர் சிலரை வாசலிலேயே இழப்பார். அவர்கள் எப்படியும் பாதியில் போயிருக்கக்கூடியவர்கள். போகும்போது நல்ல பேரையும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

மருத்துவச் சான்றும் இதே வகைதான். தனியாகப் பறக்க அனுமதிக்கும் முன் மாணவருக்கு அது தேவை. அதை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டு, பதினைந்து மணி நேரம் பறந்தபின் பழைய நோய் ஒன்றால் சான்று கிடைக்காமல் நின்றுபோன கதைகள் எல்லாப் பறப்புக் கழகங்களிலும் உண்டு. பெரிய தொகை செலவாகும் முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்வது பயிற்றுநரின் வருமானத்தைச் சில வாரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

பயிற்றுநருக்கும் ஒரு லாக் புக் இருக்கிறது

மாணவர் பக்கத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். 2009 பிப்ரவரி 12 அன்று, அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து நொறுங்கி 50 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து அமெரிக்க நாடாளுமன்றம் 2010-இல் சட்டம் இயற்றியது. 2013 முதல், விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் தேவை என்றானது. (விபத்துக்குள்ளான விமானத்தை ஓட்டிய இருவருக்கும் அந்த 1,500-க்கு மேலேயே இருந்தது என்பது தனிக்கதை.) வணிக விமானி உரிமம் வாங்கும்போது ஒருவர் கையில் இருப்பது ஏறக்குறைய 250 மணி நேரம். மீதி ஆயிரத்துச் சொச்சத்தை அவர் எங்கே சேர்ப்பார்? பெரும்பாலோர் பயிற்றுநர் ஆகிறார்கள். மாணவர் பணம் கொடுக்க, பயிற்றுநரின் லாக் புக்கில், அதாவது பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் ஏட்டில், மணிகள் ஏறுகின்றன.

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டின் விளைவுகளை மாணவர்தான் சுமக்கிறார். 1,500-ஐத் தொட்ட அன்றே பயிற்றுநர் போய்விடுவார். புதியவர் வந்து, பழையவர் என்ன சொல்லிக்கொடுத்தார் என்று தெரியாமல், மூன்று நான்கு பாடங்களைத் திரும்ப நடத்துவார். அந்தச் செலவு மாணவருடையது. 200 மணி நேரத்திலேயே துணை விமானி ஆக முடிகிற நாடுகளில் இந்த அழுத்தம் குறைவு; ஆனால் பயிற்றுநர் வேலையை இடைத்தங்கலாகப் பார்க்கும் மனநிலை அங்கும் இல்லாமல் இல்லை.

இன்னும் நுட்பமான பாதிப்பு ஒன்று உண்டு: ‘இவர் தன் மணிக்காக என்னை இழுத்தடிக்கிறாரோ’ என்ற சந்தேகம். ஒருமுறை அது மாணவர் மனதில் விழுந்துவிட்டால், பயிற்றுநர் நல்லெண்ணத்தோடு ‘தனியாகப் பறக்க இன்னும் இரண்டு பாடம் போகட்டும்’ என்று சொன்னாலும் காதில் வேறுமாதிரிதான் விழும். இதற்கு வாய்ப்பேச்சால் மருந்தில்லை. எழுதப்பட்ட பாடத்திட்டம், ஒவ்வொரு பாடத்துக்கும் எட்ட வேண்டிய அளவு, இடையிடையே வேறொரு பயிற்றுநர் வந்து செய்யும் நிலைச் சோதனை ஆகிய மூன்றும் இருந்தால் சந்தேகம் முளைக்க இடமே இருக்காது. ‘உயர வேறுபாடு நூறு அடிக்குள், வேக வேறுபாடு பத்து ‘நாட்’ (விமான வேகத்தின் அலகு) அளவுக்குள், தொடர்ந்து மூன்று முறை’ என்று தாளில் இருக்கும்போது, யார் யாரை இழுத்தடிக்கிறார்கள் என்ற பேச்சே எழாது.

போகத் திட்டமிட்டிருக்கும் பயிற்றுநர் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. மாணவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று பலர் கடைசி வாரம் வரை மறைக்கிறார்கள். மறைத்ததுதான் மாணவரை விரட்டுகிறது, பிரிவு அல்ல. கடைசிப் பாடத்தில் புதிய பயிற்றுநரையும் கூடவே உட்கார்த்திவைத்துப் பேசி, ஏடுகளை ஒப்படைத்தால், திரும்ப நடத்தும் பாடங்கள் பெரும்பாலும் மிச்சமாகும்.

இயந்திரம் ஓடும்போது மட்டும் சம்பளம்

சிறு விமானங்களில் ஹாப்ஸ் மீட்டர் என்று ஒன்று இருக்கும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அதுவும் ஓடும். ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, ஆறு நிமிடத்துக்கு ஒரு எண் மாறும். பல இடங்களில் பயிற்றுநரின் கூலியும் இதைப் பார்த்துத்தான். அப்படியென்றால் பறப்பதற்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேசும் நேரத்துக்குக் காசில்லை. அடுத்த மாணவர் வாசலில் நிற்கிறார். பேச்சு ஐந்து நிமிடமாகச் சுருங்கி, பிறகு விமானத்தை நோக்கி நடக்கிற நடையிலேயே முடிந்துவிடுகிறது.

விமான அறை எவ்வளவு மோசமான வகுப்பறை என்று உள்ளே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். இரைச்சல், வெயில், வானொலியில் யாரோ வேகமாகப் பேசுவது, எங்கோ வேறு விமானம் வருகிறதா என்ற கவலை, இதற்கு நடுவே மீட்டர் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய கருத்து எதுவும் அங்கே மண்டையில் ஏறாது. தரையில் பேசிப் புரிந்துகொண்டதை மேலே செய்துபார்க்கத்தான் முடியும். ஆகவே தரையில் பேசும் நேரத்துக்கும் கட்டணம் வாங்குவதே மாணவருக்கு நல்லது என்பது என் கருத்து. காதில் விழும்போது கசக்கும். ஆனால் ஒரு பாடம் என்றால் இரண்டு மணி நேரச் சந்திப்பு, அதில் பறப்பு ஒன்றேகால் மணி நேரம், மீதி பேச்சு என்று முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. விமான வாடகைதான் பெருஞ்செலவு. தரையில் அரைமணி நேரம் கூடுதலாகப் பேசியதால் வானில் ஒரு பாடம் மிச்சமானால் மாணவருக்கு லாபம்தான்.

வானிலை கெட்ட நாளுக்கும் இதே கணக்கு பொருந்தும். மேகம் தாழ்ந்திருக்கிறது, பாடம் ரத்து என்று செய்தி அனுப்பிவிட்டுப் படுத்துவிடலாம். அல்லது, ‘வாருங்கள், இன்று ஏன் பறக்கவில்லை என்பதையே பாடமாகப் படிப்போம்’ என்று அழைத்து வானிலை அறிக்கைகளைப் பிரித்துக் காட்டலாம். பழக்கம் விட்டுப்போவதுதான் பெரிய எதிரி. கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885-இலேயே அளந்து காட்டிவிட்டார். இரண்டு வாரம் விட்டு வரும் மாணவர் பாடத்தின் பாதியைப் பழையதைத் தேடி எடுப்பதிலேயே செலவழிக்கிறார். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருகிறவர் குறைந்த மொத்தச் செலவில் முடிக்கிறார். எனவே பணம் ஒழுங்காகச் சேரும்வரை பொறுத்திருந்து பிறகு அடுக்கடுக்காகப் பறக்கச் சொல்வது, மாதம் இரண்டுமுறை என்று இழுப்பதைவிட நேர்மையான ஆலோசனை.

முன்பணம் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. மொத்தத் தொகையையும் முதலிலேயே வாங்கிக்கொண்டால் மாணவர் விலகமாட்டார் என்று சில பள்ளிகள் நினைக்கின்றன. அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பெரிய பயிற்சி நிறுவனம் 2008 பிப்ரவரியில் திடீரென மூடப்பட்டபோது, கடன் வாங்கி முழுக் கட்டணமும் கட்டியிருந்த மாணவர்கள் பயிற்சியும் இல்லாமல் பணமும் இல்லாமல் நின்றார்கள். அதைக் கேள்விப்பட்டவர் பெருந்தொகையைக் கொடுக்கத் தயங்குவதில் வியப்பில்லை. சில பாடங்களுக்கான தொகையை மட்டும் முன்பணமாக வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் போதும்.

தரையிறக்கத்தில் சிக்குவது

மாணவர்கள் அதிகம் சோர்ந்துபோகும் இடம் ஒன்று உண்டென்றால் அது தரையிறக்கம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஒவ்வொரு பாடத்திலும் புதிதாக ஒன்று கைவந்திருக்கும். அதன்பிறகு ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வரும் பயிற்சி தொடங்கும். நேற்று நன்றாக இறக்கியவர் இன்று குதிக்கவிடுவார். மூன்று பாடமாக முன்னேற்றமே இல்லை என்று தோன்றும்.

இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஆறேழு தரையிறக்கம் கிடைக்கலாம். ஒவ்வொன்றிலும், மூக்கை மெல்ல உயர்த்தி விமானத்தைச் சமன்செய்து சக்கரம் தொடவைக்கும் அந்த முக்கியக் கட்டம் சில விநாடிகள்தான். ஆக, மணி நேரக் கட்டணம் கொடுத்து மாணவர் பெறும் உண்மையான பயிற்சி ஒரு நிமிடம்கூடத் தேறாது. மாணவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டாலே பாதிப் பாரம் இறங்கும். தன் கையில் கோளாறு இல்லை, பயிற்சி நேரம்தான் குறைவு என்று புரியும். நீளமான ஓடுபாதை கிடைத்தால், இறங்காமல் சில அடி உயரத்தில் அதன் நெடுகிலும் பறந்துபோகச் செய்தால் அந்தச் சில விநாடிகள் நீளும். அதுவும் எடுபடாவிட்டால் ஒரு பாடம் சுற்றை விட்டு வெளியே போய் வேறு எதையாவது செய்துவிட்டு வரலாம். ஒரே தவறை எட்டாவது முறை செய்யவைப்பதில் கற்றலே இல்லை.

இங்கே பயிற்றுநர்கள் செய்யும் இன்னொரு காரியம், கன்ட்ரோலில் இருந்து கையை எடுக்காமலிருப்பது. லேசாக ஒரு அழுத்தம், பெடலில் ஒரு சின்னத் திருத்தம். விமானம் அழகாக இறங்கும். யார் இறக்கினார் என்று மாணவருக்குத் தெரியாது. ‘நான் எடுக்கிறேன்’, ‘நீங்கள் எடுங்கள்’, மறுபடி ‘நான் எடுக்கிறேன்’ என்று மூன்றுமுறை சொல்லிக் கைமாற்றும் வழக்கம் பாதுகாப்புக்காக ஏற்பட்டது. ஆனால் அதன் இன்னொரு பயன், இந்தத் தரையிறக்கம் தன்னுடையது என்று மாணவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிவது.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் சொல்வதில்லை. ஸ்டால் (இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் நிலை) பயிற்சியில் விமானம் மூக்கைத் தொங்கப்போடும் அந்த உணர்வுக்குப் பின் வராமலே போனவர்கள் நிறைய. 1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்பவர் பயிற்சி முறையையே மாற்றியமைத்தார். ஆபத்தான நிலைகளைத் தவிர்க்கச் சொல்லாமல், இரட்டைக் கன்ட்ரோல் கொண்ட அவ்ரோ 504 விமானத்தில் மாணவரை வேண்டுமென்றே அந்த நிலைக்குக் கொண்டுபோய், அது ஏன் நிகழ்கிறது, எப்படி மீள்வது என்று கற்பித்தார். இன்றைய பயிற்சியின் அடித்தளம் அதுதான். அதில் ‘ஏன்’ என்ற பகுதியை விட்டுவிட்டு, அதிரடியை மட்டும் வைத்துக்கொள்கிறவர்கள்தான் மாணவரை இழக்கிறார்கள். மெதுவேகப் பறப்பில் தொடங்கி, ஸ்டாலின் அறிகுறி தெரிந்தவுடன் மீள்வதைப் பலமுறை செய்து, பிறகே முழு ஸ்டாலுக்குப் போனால் பயம் பெரும்பாலும் கரைந்துவிடும். ஸ்மித்-பாரியின் பள்ளியில் பயிற்றுநரின் குரலை மாணவரின் காதுக்குக் கொண்டுபோக ஒரு ரப்பர் குழாய் இருந்தது. பிற்காலத்தில் அமெரிக்கப் பயிற்சி விமானங்களிலும் அதே குழாய்தான். பயிற்றுநர் பேசலாம், மாணவர் பதில் பேச முடியாது. இன்று இருவருக்கும் ஒலிவாங்கி இருக்கிறது. ஆனாலும் பல விமானங்களில் பேச்சு ஒரு பக்கமாகத்தான் போகிறது.

முதல் தனிப்பறப்பு பெரிய கொண்டாட்டம். அதற்குப் பிந்தைய வாரங்கள்தான் ஆபத்தானவை. மாதக்கணக்கில் மனதில் வைத்திருந்த இலக்கு முடிந்துவிட்டது. அடுத்தது என்னவென்று யாரும் சொல்லவில்லை. இருப்பதோ எழுத்துத் தேர்வுப் புத்தகம். தனிப்பறப்புக்கு முன்பே முதல் நெடுந்தூரப் பயணத்தை எங்கே போகலாம் என்று வரைபடத்தில் மாணவரையே குறிக்கச் சொல்லியிருந்தால் இந்தத் தொய்வு வருவதில்லை.

புதியவர் எங்கிருந்து வருகிறார்

ஆள் சேர்ப்பதைப் பற்றிக் குறைவாகவே சொல்லப்போகிறேன். மாணவர் தங்கினால் அவரே அழைத்து வருவார் என்பதால்தான். ஆனால் அறிமுகப் பறப்பைக் கெடுத்துக்கொள்வது மிக எளிது. இளம் பயிற்றுநர் தன் திறமையைக் காட்ட ஆசைப்பட்டுச் செங்குத்தாகத் திருப்புவார், வந்தவர் வாந்தி எடுப்பார், கதை முடிந்தது. காற்று அமைதியாக இருக்கும் காலை நேரத்தில், அரைமணி நேரம், பெரும்பகுதி வந்தவர் கையில் கன்ட்ரோலைக் கொடுத்துவிட்டு, அடிவானத்தைப் பார்க்கச் சொன்னால் போதும். தானே ஓட்டுகிறவருக்குக் குமட்டல் குறைவு. இறங்கியதும் அப்படியே அனுப்பாமல், பாடத்திட்டத்தைக் காட்டி, அடுத்த நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் ஓட்டிய அந்த அரைமணியை லாக் புக்கில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் அதுவே முதல் பாடம். தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் அன்றே பதில் சொல்வதும் சாதாரண விஷயம்தான். துறையில் அது எவ்வளவு அபூர்வம் என்று விசாரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பள்ளியைச் சாராமல் தனியாகக் கற்பிக்கும் பயிற்றுநர்களுக்குப் புதியவர்களைவிட, ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களே நிலையான ஆதாரம். அமெரிக்காவில் ஒவ்வொரு விமானியும் 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநருடன் மறுபார்வைப் பறப்பு செய்தாக வேண்டும். கருவிப் பறப்புத் தகுதி (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது), வால்சக்கர விமானம், ஆண்டுக்கணக்கில் பறக்காமலிருந்து திரும்ப வருகிறவர்கள் என்று வேலை உண்டு. இவர்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியும், ரத்து செய்வதும் குறைவு. அதே நாட்டில், 24 மாதத்துக்குள் குறைந்தது பத்து மாணவரைத் தேர்வுக்கு அனுப்பி அவர்களில் 80 விழுக்காட்டினர் முதல் முயற்சியிலேயே தேறினால், பயிற்றுநரின் சான்றிதழில் தங்க முத்திரை கிடைக்கும். விசாரிக்க வருகிறவருக்குக் காட்ட அதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

ஆனால் தக்கவைப்பதே குறியாகிவிடவும் கூடாது. மகிழ்விப்பதற்காக மாணவரை இரண்டு பாடம் முன்னதாகத் தனியே அனுப்புகிறவர் வியாபாரியாக வெற்றி பெறலாம், பயிற்றுநராக அல்ல. காற்றுக் குறுக்கே வீசும் நாளில் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லி மாணவரின் முகம் வாடுவதைப் பார்க்கத் தெரிய வேண்டும். நாற்பது மணி நேரத்துக்குப் பிறகும் முடிவெடுக்கும் பக்குவம் வராத ஒருவரிடம், வேறு பயிற்றுநரிடம் ஒருமுறை பறந்து பாருங்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். சில சமயம் கோளாறு மாணவரிடம் இல்லாமல் இந்த இருவரின் பொருத்தத்தில் இருக்கும். மாறிய இரண்டே பாடத்தில் அவர் தேறிவருவதும் உண்டு.

உரிமம் வாங்கியபின் பறப்பதை நிறுத்திவிடுகிறவர்கள் இந்த 70, 80 விழுக்காட்டுக் கணக்கில் வருவதே இல்லை. தேர்வு முடிந்த மாதமே பெரும்பாலான பயிற்றுநர்கள் அந்தப் பெயரை மறந்துவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து ‘கடைசியாக எப்போது பறந்தீர்கள், புதிய விமான நிலையம் ஒன்றுக்குச் சேர்ந்து போய்வருவோமா’ என்று ஒரு செய்தி அனுப்ப ஒரு நிமிடம் ஆகும். கருவிப் பறப்புக்கான அடுத்த மாணவர் பெரும்பாலும் அந்தச் செய்திக்குப் பதில் போட்டவராகத்தான் இருப்பார்.